30 வருஷம் தாண்டியும் பழசாகாத ராப்

கேள்வி: தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த ஹிப்-ஹாப் ஆல்பங்களில் இன்றைக்கும் புதுசாக ஒலிப்பது எது?

பதில்: எ ட்ரைப் கால்டு குவெஸ்ட் குழுவின் 'தி லோ எண்ட் தியரி' (1991), சந்தேகமே வேண்டாம். ஜாஸ் இசைத்தட்டுகளிலிருந்து எடுத்த பேஸ் (ஆழ்ந்த அடித்தொனி இசை), கறாரான டிரம்ஸ், அதன்மேல் குழுவின் ராப்பர்கள் க்யூ-டிப்பும் ஃபைஃப் டாக்கும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது போல மாறி மாறி ராப் செய்வது, அவ்வளவுதான். அலங்காரம் குறைவு, அதனால் பழசாகிப்போக அதில் பெரிதாக எதுவும் இல்லை. 'வெர்சஸ் ஃப்ரம் தி ஆப்ஸ்ட்ராக்ட்' பாட்டில் ஜாஸ் மேதை ரான் கார்ட்டரே பேஸ் வாசித்திருக்கிறார், நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். அப்புறம் நாஸின் 'இல்மாட்டிக்' (1994), 40 நிமிஷம்கூட இல்லை, தள்ளிவிட ஒரு பாட்டு கிடையாது. டாக்டர் ட்ரேயின் 'தி க்ரானிக்' (1992)? இசை இன்னும் அசத்துகிறது, ஆனால் பெண்களைப் பற்றிய வரிகளை என்னால் ரசிக்க முடியவில்லை.