இரண்டாவது வழி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

அப்பா தவறிய பிறகு அம்மா எங்களோடு இருக்கிறார். வயது 71. பேப்பர் மில்ஸ் ரோட்டில் காய்கறி, மருந்து, பூ எல்லாம் தானே போய் வாங்கி வருவார். சில்லறைக்கு அல்லாட வேண்டாமே என்று நான்தான் அவருடைய போனில் பணம் அனுப்பும் வசதியைப் போட்டுக் கொடுத்தேன். நன்றாகவே பழகிக்கொண்டார். நாளடைவில் மணிபர்ஸ் எடுத்துப் போவதையே விட்டுவிட்டார்.

2025 மார்ச் 26 அன்று மாலை நாடு முழுக்க யுபிஐ தடுமாறியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நேரத்தில் அம்மா மருந்துக் கடையில் நின்றிருக்கிறார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்கி, பணம் போகவில்லை. திரும்பத் திரும்ப முயன்றிருக்கிறார். பின்னால் ஆட்கள் முணுமுணுக்க, கடைப் பையன் மாத்திரையை எடுத்து உள்ளே வைத்துவிட்டான். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவர், "இனிமே நான் கடைக்குப் போகலைம்மா" என்றார். இன்று வரை தனியாகக் கடைக்குப் போகத் தயங்குகிறார்.

தம்பி ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலையில் இருக்கிறான். "ரெண்டு மணி நேரம் சர்வர் படுத்ததுக்கு இவ்வளவு பேச்சா? கரண்ட் போனாலும்தான் எல்லாம் நிக்குது. அதுக்காக கரண்டே வேணாம்னு சொல்லுவியா?" என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஏதோ சரியில்லை என்று மனதுக்குப் படுகிறது. நான் பழமைவாதியாகப் பேசுகிறேனா? மோசடி போன்கள் பற்றிய பயம் வேறு இருக்கிறது. அம்மாவின் போனிலிருந்து அந்த ஆப்பை எடுத்துவிடலாமா?

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அம்மா வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்து வந்ததை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. எழுபதை ஒட்டிய வயதில் ஒரு புதுப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டவர் அவர். கோளாறு எங்கோ ஒரு சர்வரில் நடந்தது. ஆனால் பத்துப் பேர் முன்னால் தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக் கூனிக் குறுகியவர் அவர். முதலில் இதை அவரிடம் சொல்லுங்கள். அன்று நாடு முழுக்க லட்சக்கணக்கானோர் அப்படித்தான் கடைகளில் நின்றார்கள் என்று சொல்லுங்கள். ஏப்ரல் 12 அன்று மறுபடியும் அதேபோல் நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தம்பியின் கேள்வி நல்ல கேள்வி. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மின்சாரத்தையும் நாம் நம்பித்தான் இருக்கிறோம். ஆனால் தமிழ்நாட்டில் நாம் அதை எப்படி நம்பினோம் என்று யோசித்துப் பாருங்கள். 2012 வாக்கில் சென்னையில் தினமும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. வெளி மாவட்டங்களில் நாளின் பாதி நேரம்கூடக் கரண்ட் இல்லாமல் இருந்திருக்கிறார்கள். அதனால் வசதி உள்ளவர்கள் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். இல்லாதவர்கள் கரண்ட் இருக்கும்போதே மோட்டார் போட்டு, குடத்தில் தண்ணீர் பிடித்து, மாவு அரைத்து வைத்தார்கள். டார்ச்சும் மெழுகுவர்த்தியும் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். கரண்ட் அடிக்கடி போனதால் அது இல்லாமல் சமாளிக்கும் வழியும் வீட்டில் உயிரோடு இருந்தது.

யுபிஐ அப்படி அடிக்கடி நிற்பதில்லை. 2016இல் தொடங்கிய ஒன்று, 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டிவிட்டது. உலகமே வியக்கும் வேலைதான். ஆனால் அது அவ்வளவு ஒழுங்காக ஓடுவதால்தான் உங்கள் அம்மா மணிபர்ஸை வீட்டில் வைத்தார். அதனால்தான் கடைப் பையனுக்கும் பணம் வராவிட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983லேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகளை வைத்து அவர் சொன்னது இது: தானியங்கி முறை நன்றாக ஓட ஓட, பக்கத்தில் இருக்கும் மனிதருக்குக் கைப்பழக்கம் விட்டுப்போகிறது. ஆனால் அது நின்றுபோகும் மிக மோசமான நேரத்தில் நாம் கூப்பிடுவது அந்த மனிதரைத்தான்.

2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் விமானத்தில் இதுதான் நடந்தது. வேகத்தை அளக்கும் குழாய்களில் பனி உறைந்து, தானாக ஓட்டும் முறை துண்டித்துக்கொண்டது. அவை அடைபட்டிருந்தது கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் கையால் ஓட்ட வேண்டியிருந்த விமானிகள் குழம்பிப்போனார்கள். 228 பேர் இறந்தார்கள். மருந்துக் கடையையும் விமானத்தையும் ஒன்றாக்குகிறேன் என்று தம்பி நினைக்க வேண்டாம். "ரெண்டு மணி நேரம்தானே" என்ற கணக்கு எங்கே தவறுகிறது என்பதற்காகச் சொல்கிறேன். எவ்வளவு நேரம் நின்றது என்பதைவிட, நின்ற நேரத்தில் அங்கே இருந்தவரால் என்ன செய்ய முடிந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நம் ஊருக்கே வருகிறேன். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். அதற்கு ஒரு மாதம் முன்பு, நவம்பர் 8 அன்று, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். ஏடிஎம் வாசல்களில் வரிசை இன்னும் குறையவில்லை. கையில் பணம் இல்லாதவர்கள் கார்டைத் தேய்த்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். புயல் அன்று ஆயிரக்கணக்கில் மரங்கள் விழுந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன, செல்போன் சிக்னல் போனது. கார்டு தேய்க்கும் கருவியும் நின்றுபோனது. பணமும் இல்லை, பணத்துக்கு மாற்றாகச் சொல்லப்பட்டதும் இல்லை. பல பகுதிகளில் கரண்ட் வர நாட்கணக்கில் ஆனது.

அப்போது மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவுக்குச் சோறு போட்டது முனையில் இருந்த அண்ணாச்சி கடை. ஷட்டரைப் பாதி தூக்கி, ஒரு மெழுகுவர்த்தியை டப்பா மேல் நிறுத்தி வைத்திருந்தார். பக்கத்தில் நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு, சணல் கயிற்றில் கட்டிய பால்பாயின்ட் பேனா. அந்த நோட்டில் பாதிப் பேருக்குப் பெயரே கிடையாது. "மாடி வீட்டு சார்", "டீச்சரம்மா", "அயர்ன்காரர்", "பச்சை கேட்" என்றுதான் இருக்கும். அரிசி, பால் பவுடர், பிரெட், மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி. எடுத்ததை எழுதிக்கொண்டார், அப்புறம் தந்தால் போதும் என்றார். அவ்வப்போதுதான் அந்தக் கடைக்குப் போகிறவர்களுக்கும் கொடுத்தார். முகம் தெரியும், அது போதுமாயிருந்தது.

அந்த நோட்டை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அது வேலை செய்ததற்குக் காரணம், வருஷக்கணக்கில் தினமும் ஒரு பாக்கெட் பாலுக்கும் கால் கிலோ சர்க்கரைக்கும் நாங்கள் அவர் எதிரே போய் நின்றதுதான். இன்று அதே பொருட்கள் பத்து நிமிடத்தில் வாசலுக்கு வருகின்றன. கொண்டு வரும் தம்பியின் முகத்தை நாம் பார்ப்பதில்லை. அவருக்கும் பார்க்க நேரமில்லை, அடுத்த ஆர்டர் காத்திருக்கிறது. நாளை பணம் போகாத நாளில் "எழுதிக்கோங்க" என்று யாரிடம் சொல்வது? உங்கள் மனதுக்குச் சரியில்லை என்று பட்டது இதுதான் என்று நினைக்கிறேன். அவசரத்துக்கு உதவும் மனிதர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருக்கிறோம்.

இன்னொன்று, எல்லாம் ஒரே கருவிக்குள் போய்விட்டது. முன்பு பணம் பர்ஸில் இருந்தது, வழி மனதில் இருந்தது, உறவினர் எண்கள் டைரியில் இருந்தன, வெளிச்சம் டார்ச்சில் இருந்தது. ஒன்று கெட்டால் மற்றது இருக்கும். தாமிரக் கம்பியில் வந்த பழைய லேண்ட்லைன் போனை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கரண்ட் போனாலும் அது ஒலிக்கும். ஏனென்றால் அதற்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்துப் பேட்டரிகளிலிருந்து அதே கம்பி வழியாக வந்தது. இப்போதைய ஃபைபர் இணைப்பு அப்படியல்ல. வீட்டு மோடத்துக்குக் கரண்ட் இல்லை என்றால் அதோடு சரி. செல்போன் டவருக்கும் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும், அதற்கு மேல் டீசல் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் இருந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது டீசலை யார், எப்படிக் கொண்டு போவது? கரண்ட் போனது, சிக்னல் போனது, போனில் சார்ஜ் போனது. அதோடு பணமும் போனது. படகில் வந்தவர்களிடம் சொல்ல அண்ணனின் எண்கூட மனப்பாடமாக இல்லாமல் எத்தனை பேர் தவித்திருப்பார்கள்!

வழி என்றதும் உங்கள் பக்கத்து கணேசபுரம் சுரங்கப்பாதை நினைவுக்கு வருகிறது. பெருமழை என்றால் அங்கே தண்ணீர் நிற்கும் என்று வியாசர்பாடி ஆட்டோக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தி.நகர் பக்கம் துரைசாமி சுரங்கப்பாதையும் அப்படித்தான். ஊருக்குப் புதிதாக வந்து, திரையில் தெரியும் கோட்டை மட்டும் பார்த்து ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. 2024 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே மூன்று பேர் வரைபடம் காட்டிய வழியில் போய், பாதி இடிந்த பாலத்திலிருந்து காரோடு விழுந்து இறந்தார்கள். வரைபடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டீக்கடையில் வண்டியை நிறுத்தி "இப்படிப் போகலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்கும் பழக்கம் போய்விடக் கூடாது என்கிறேன்.

எனக்கு இதிலெல்லாம் அதிகம் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. நீங்களும் தம்பியும் இந்த வசதிகளை விரும்பி எடுத்துக்கொண்டீர்கள். விரும்பாமலே இதற்குள் தள்ளப்பட்டவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2020லிருந்து கைரேகை வைக்க வேண்டும் என்று வந்தது. வருஷக்கணக்கில் சிமென்ட் கலந்த கைக்கும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த கைக்கும் ரேகை தேய்ந்திருக்கும். வயதானால் தோலே மாறிவிடும். கருவி ஏற்காது. ரேகை பதியவில்லை என்பதற்காகப் பொருளை மறுக்கக் கூடாது என்று அரசு சொல்லியிருக்கிறது. ஆனால் வரிசையில் நிற்கும் பாட்டிக்கு அந்த உத்தரவு தெரியாது. "கை வைம்மா, இன்னொரு விரலை வைம்மா, துடைச்சிட்டு வைம்மா" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் நாளைக்கு வரச் சொன்னால், அவருக்குப் போவது ஒரு நாள் கூலி. உங்கள் அம்மா கடையில் பட்டதை அவர் மாதாமாதம் படுகிறார். தொழில்நுட்பத்தைக் கொண்டு வருபவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இந்தப் பாட்டியை. கருவி ஏற்காதபோது என்ன செய்ய வேண்டும் என்பது எல்லார் கண்ணிலும் படும்படி கடைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். ரொக்கம் வாங்காத கவுண்டர், ஆப் இல்லாவிட்டால் டோக்கன் தராத மருத்துவமனை என்று ஒவ்வொன்றாகப் பழைய வழியை மூடிக்கொண்டே வருவதை நாம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

தம்பியிடம் சண்டை வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர் எழுதும் மென்பொருள் ஒரு மாலை நின்றுபோனால் அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்? இதற்குப் பதில் தேடக்கூடிய இடத்தில் இருப்பவர் அவர். உங்களாலும் என்னாலும் முடியாததை அவரால் செய்ய முடியும்.

அம்மாவின் போனிலிருந்து ஆப்பை எடுக்காதீர்கள். கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டதைப் பிடுங்கினால், தனக்கு இதெல்லாம் வராது என்ற எண்ணம்தான் அவருக்கு உறுதிப்படும். கொஞ்சம் பணம் மட்டும் இருக்கும் தனிக் கணக்கு ஒன்றோடு அதை இணைத்துவிடுங்கள். பென்ஷனோ சேமிப்போ இருக்கும் கணக்கு போனுக்குள் வர வேண்டாம். போலீஸ் என்றும் சிபிஐ என்றும் சொல்லி வீடியோவில் யாராவது "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டினால் போனை வைத்துவிடச் சொல்லுங்கள். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குக் கூப்பிட வேண்டும், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

அம்மாவின் மணிபர்ஸைத் தேடி எடுத்துக் கொடுங்கள். நூறு ரூபாய் நோட்டுகளாக ஐந்தாறு, ஒரு தாளில் உங்கள் எண், தம்பி எண், பக்கத்து வீட்டு எண். வாரத்தில் இரண்டு நாளாவது காசு கொடுத்தே வாங்கட்டும். வெறுமனே உள்ளே கிடக்கும் காசு நாளடைவில் வேறு செலவுக்குப் போய்விடும், பர்ஸ் மறுபடி அலமாரிக்குப் போய்விடும்.

அப்புறம், ஒரு நாள் நீங்களும் அவரோடு அந்த மருந்துக் கடைக்குப் போங்கள். பையனிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவன் சம்பளத்துக்கு நிற்பவன். முதலாளி இருக்கும் நேரமாகப் பார்த்து, இவர் என் அம்மா, மாதாமாதம் இங்கேதான் மாத்திரை வாங்குகிறோம், பணம் போகாத நாளில் எழுதி வைத்துக்கொண்டு கொடுப்பீர்களா என்று கேளுங்கள். அம்மாவும் பக்கத்தில் நிற்கட்டும். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார். இல்லை என்றால் பேப்பர் மில்ஸ் ரோட்டில் வேறு கடை இருக்கிறது. என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்.