கறுவாவை மரமாக வளர விட்டால் பட்டை உரியாது

கேள்வி: அவிசாவளைப் பக்கம் எங்களுக்கு அரை ஏக்கர் காணி இருக்கிறது. 8 வருசத்துக்கு முதல் அப்பா நட்ட கறுவா, நான் வேலைக்காகக் கொழும்புக்கு வந்துவிட்டதால் வெட்டுவாரில்லாமல் 20 அடிக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. போன மாதம் ஒரு தடியை வெட்டி உரித்துப் பார்த்தேன், பட்டை துண்டு துண்டாகப் பிய்ந்துதான் வந்தது. இது நல்ல கறுவாதானா, இல்லை சீனக் கறுவாவா? பிடுங்கிவிட்டு வேறு ஏதாவது வைக்கட்டுமா?

பதில்: தம்பி, தயவு செய்து பிடுங்க வேண்டாம். முதலில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒரு முற்றின இலையைக் கசக்கி மூக்கில் வைத்துப் பாருங்கள், கராம்பு மணம் அடித்தால் அது நம்முடைய கறுவா. இலை எண்ணெயில் பெரும்பங்கு யூஜினோல், கராம்பில் இருக்கிற அதே சாமான்தான். சீனக் கறுவா இலையில் கராம்பு வாசம் இப்படித் தூக்கலாக வராது. காய்ந்த பட்டையிலும் வித்தியாசம் தெரியும்: சீனத்துப் பட்டை தடிப்பாக, மரக்கட்டை மாதிரிக் கடினமாக ஒற்றைச் சுருளாக இருக்கும், நம்முடையது கடதாசி மாதிரி மெல்லிசாகச் சுருளுக்குள் சுருளாக இருக்கும், விரலால் நசுக்கினாலே நொறுங்கும். கூமரின் என்ற, அளவு மீறினால் ஈரலுக்குக் கூடாத பொருளும் சீனத்தில் கூடுதல், நம்முடையதில் மிக மிகக் குறைவு.

சரி, நல்ல கறுவா என்றால் ஏன் உரியவில்லை? இரண்டு காரணம் இருக்கலாம். கறுவா மழைக்காட்டு மரம், விட்டால் 40 அடியும் தாண்டும், ஆனால் தடி முற்ற முற்றப் பட்டை தடித்துச் சொரசொரப்பாகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் தோட்டத்தில் அதை மரமாக விடாமல் புதராகவே வைத்திருக்கிறார்கள், வெட்ட வெட்டத்தான் அது கறுவா. மற்றது, நீங்கள் வெட்டின நேரம். மரம் செங்கொழுந்து விட்டிருக்கும்போது பட்டை கழராது. கொழுந்து பச்சையாகி, மழையும் பெய்து, மரத்தில் நீர் ஓடுகிற நேரம் பார்க்க வேண்டும். வெட்டுவதற்கு முதல் தடியிலே கத்தி நுனியால் சின்னதாக ஒரு கீறல் போட்டு ஓரத்தை நெம்பிப் பாருங்கள். பட்டை லேசாகத் தூக்கி, உள்ளே மரம் வழுவழுவென்று ஈரமாகப் பளபளத்தால் அன்றைக்கே வெட்டலாம், நார் நாராக இழுத்தால் இரண்டு கிழமை பொறுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது, மழை தொடங்கும் நேரம், உங்கள் பக்கத்துக்கு மே மாதமோ ஒக்டோபரோ, மரங்களை நிலத்திலிருந்து இரண்டு அங்குலம் விட்டு வாளால் அறுப்பது. வெட்டுமுகம் சரிவாக இருக்கட்டும், தண்ணீர் தேங்கினால் அடிக்கட்டை அழுகும். முழுக் காணியையும் ஒரேயடியாக வெட்டாமல் இந்த மழைக்குப் பாதி, அடுத்ததற்குப் பாதி என்று போங்கள். அறுத்ததும் அடியைச் சுற்றி மண் அணையுங்கள், இதை மட்டும் மறக்கவே வேண்டாம். புதிதாக வருகிற தளிர்கள் அந்த மண்ணில் தாங்களாகவே வேர்விடும், அடிக்கட்டையைத் துளைக்கிற அந்துப்பூச்சியும் முட்டையிட இடமில்லாமல் போகும். இப்போதே சில மரத்தடியில் மரத்தூள் மாதிரிச் சக்கை தள்ளியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், அந்தப் புழுவின் வேலையாக இருக்கும்.

தளிர் கூட்டமாக வரும். நேரான 4, 5 தடியை விட்டு மிச்சத்தைக் கழியுங்கள். பக்கக் கிளையை அவ்வப்போது தட்டிவிட்டால்தான் தடி கணு இல்லாமல் போகும், உரிப்பவருக்கு வேண்டியது அதுதான். ஒன்றரை, இரண்டு வருசத்தில் தடி ஒன்றரை அங்குலத் தடிப்புக்கு வந்து மேல்தோல் பச்சை மாறி மண்ணிறமாகும், அப்போது வெட்டலாம். பிறகு வருசத்துக்கு இரண்டு தரம் கிடைக்கும்.

உரிக்கிற வேலையை நீங்களே செய்யப் பார்க்காதீர்கள். மேல்தோலைச் சுரண்டி, பித்தளைத் தடியால் தேய்த்துத் தேய்த்துப் பட்டையை இளக்கி, இரண்டு பக்கமும் கீறி முழுசாகக் கழற்றி, சின்னத் துண்டுகளை உள்ளே அடைத்து 42 அங்குலச் சுருளாக்கி நிழலில் காயவைக்கிறவர்கள் பரம்பரையாகக் கைபழகினவர்கள். சுருளின் குறுக்களவு 6 மில்லிமீற்றருக்குள் வந்தால் அதுதான் அல்பா, விலை கூடின தரம். விளைச்சலைப் பாதிக்குப் பாதி பேசிக்கொள்வது பல இடத்தில் வழக்கம். பாதி அவருக்குப் போகிறதே என்று கவலைப்படாதீர்கள், கெட்ட கையில் உரித்த முழுப் பட்டையும் தூளுக்குத்தான் போகும். 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவுக்குப் புவிசார் குறியீடு, அதாவது இன்ன ஊர்ப் பொருள் என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு, கொடுத்திருக்கிறது, தரத்துக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இலையையும் எறிய வேண்டாம், அயலில் எண்ணெய் வடிக்கிறவர் இருந்தால் கொடுங்கள். உரித்த தடி நல்ல விறகு.

நீங்கள் கொழும்பில்தானே, கறுவாத்தோட்டம் என்று கொழும்பு 7ஐச் சொல்கிறோமே, ஒல்லாந்தர் நட்ட தோட்டம் அது. அதற்கு முதல் காட்டு மரத்தில்தான் பட்டை உரித்தார்கள். இன்றைக்கு அங்கே பெயர்தான் மிச்சம், உங்கள் அப்பாவின் கறுவா வேரோடு நிற்கிறது, ஒழுங்காக வெட்டினால் இன்னும் 30 வருசம் தரும்.

காணியில் எந்த மூலையிலாவது மழைத் தண்ணீர் நின்றால் அங்கே வெட்டுவதற்கு முதல் வாய்க்கால் எடுங்கள். நீர் தேங்கின கறுவா வெட்டின பிறகு தளிர்க்காது.