கிண்டியை முதலில் போட்டால் கோவை கைவிட்டுப் போகுமா?

சார், நேற்று நீங்கள் மேஜையில் விரித்துக் காட்டினீர்களே, உங்கள் மகளின் பொறியியல் கல்லூரி விருப்பப் பட்டியல், நாலாக மடித்த அந்தத் தாள், அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. முதல் வரியில் பென்சிலில் ‘கிண்டி – இ.சி.இ.’ என்று உங்கள் மகள் எழுதியிருந்ததை நீங்கள் அழித்திருக்கிறீர்கள். அழித்த வேகத்தில் தாளே தேய்ந்துபோய், அதன் மேல் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சுயநிதிக் கல்லூரியின் பெயர். “186.5 கட்-ஆஃபுக்குக் கிண்டி எங்கே கிடைக்கப்போகிறது, அதைப் போட்டு முதல் இடத்தை வீணாக்கினால் இரண்டாவதாகப் போட்ட கோயம்புத்தூரும் வேறு யாருக்காவது போய்விடும்” என்றீர்கள். போகாது சார். ஏன் என்று நேற்று அவசரத்தில் சரியாகச் சொல்லவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பொறியியல் கலந்தாய்வில் கம்ப்யூட்டர் செய்வது இதுதான். ஒரு சுற்றில் இருப்பவர்களைத் தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கும். முதல் மாணவரின் பட்டியலை மேலிருந்து படித்து, எது காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போகும். உங்கள் மகளின் முறை வரும்போது, அவர் பிரிவுக்கான இட ஒதுக்கீட்டையும் சேர்த்துப் பார்த்து, கிண்டி இருக்கிறதா, இல்லை, அடுத்தது, இல்லை, அடுத்தது என்று இறங்கிக்கொண்டே வரும். அவர் பட்டியல் முழுதும் முடியும்வரை அவருக்குப் பின்னால் நிற்கும் ஒருவர்கூட எந்த இடத்தையும் தொட முடியாது. மேலே பத்து கிடைக்காத கல்லூரிகளைப் போட்டாலும் பதினோராவது இடத்தில் இருக்கும் வாய்ப்பு துளிகூடக் குறையாது. கிண்டியை அழித்ததால் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை. ஒருவேளை இந்த வருடம் கட்-ஆஃப் இறங்கினால் நஷ்டம் மட்டும் உண்டு.

ஆனால் உங்கள் பயத்தை அசட்டுத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்தப் பயம் நூற்றுக்கு நூறு சரியாக இருந்த ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் பாஸ்டனில் அரசுப் பள்ளிச் சேர்க்கையில், 2005 வரை, ஒவ்வொரு பள்ளியும் தன்னை முதல் விருப்பமாகப் போட்டவர்களை முதலில் எடுத்துக்கொள்ளும், மிச்சம் இருந்தால்தான் இரண்டாவதாகப் போட்டவர்களுக்கு. நல்ல பள்ளியை முதலில் போட்டு அது கிடைக்காமல் போனால், இரண்டாவது பள்ளி அதற்குள் நிரம்பியிருக்கும். விவரம் தெரிந்த பெற்றோர் கூடிப் பேசி, எதை முதலில் போட்டால் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். விவரம் தெரியாத வீட்டுப் பிள்ளைகள்தான் மாட்டிக்கொண்டார்கள். பொருளாதார அறிஞர்கள் இதை எடுத்துக்காட்டிய பிறகு நகரம் விதியையே மாற்றியது. மனதில் உள்ள வரிசையை அப்படியே எழுதுவதுதான் இப்போது அங்கே நல்லது.

அந்த மாற்றத்துக்கு அடிப்படை, 1962-இல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரண்டு கணிதக்காரர்கள் எழுதிய சில பக்கக் கட்டுரை. மாணவர் தனக்கு மிகவும் பிடித்த கல்லூரியிடம் முதலில் கேட்கிறார். கல்லூரி உடனே இடத்தை உறுதி செய்யாமல் தற்காலிகமாக வைத்துக்கொள்கிறது. அவரைவிட மேல் ரேங்கில் ஒருவர் வந்தால் இவரை விட்டுவிடும், இவர் தன் பட்டியலில் அடுத்த கல்லூரியிடம் போவார். யாரும் நகராத நிலை வரும்வரை இது ஓடும். ஐ.ஐ.டி.க்கு ஒரு ரேங்க், என்.ஐ.டி.க்கு வேறு ரேங்க் என்று இருப்பதால், நம்மூரில் செய்வதுபோல ஒரே வரிசையில் நிற்கவைத்து அங்கே கொடுக்க முடியாது. 2015 முதல் இரண்டுக்கும் சேர்த்து நடக்கும் ஜோசா கலந்தாய்வில் இந்த முறைதான் ஓடுகிறது. அதற்கு முன்னால் ஒரே பிள்ளை இரண்டு பக்கமும் இடத்தைப் பிடித்து வைத்திருக்க, கடைசியில் ஒன்று காலியாகிவிடும்.

வரிசை உண்மையாக இருக்கவேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம், நம் பொறியியல் கலந்தாய்வில் இருக்கும் ‘அக்செப்ட் அண்ட் அப்வர்ட்’. கிடைத்ததை ஏற்று, மேலே இருப்பதற்கும் காத்திருந்தால், பட்டியலில் மேலே உள்ள எது வந்தாலும் பழைய இடம் போய்விடும். வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக மட்டும் மேலே போட்ட அந்தக் கல்லூரி இப்படி வந்து விழுந்தால், கையில் இருந்த நல்ல இடத்தை விட்டுவிட்டு அழுவது உங்கள் மகள்தான்.

அப்புறம் அந்தத் தனியார் பல்கலைக்கழகம். வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று போன் வருகிறது என்றீர்கள். இது உலகம் முழுக்கப் பழைய வித்தை. 1940-களில் அமெரிக்க மருத்துவமனைகள், படிப்பை முடிக்க இரண்டு வருடம் இருக்கும் மாணவர்களையே முந்திக்கொண்டு பிடித்தன. வேறு இடங்களை ஒப்பிட்டுப் பார்க்க விடாமல் உடனே பதில் சொல்லச் சொல்லி நெருக்கின. அந்தக் குழப்பத்தை நிறுத்தத்தான் 1950-களின் தொடக்கத்தில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பொது ஒதுக்கீட்டு முறை வந்தது. பணத்தைத் திருப்பித் தருவார்களா, எவ்வளவு, எந்தத் தேதிவரை என்று எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். கெடு வைத்து மிரட்டுபவரிடம் நிதானமாகப் பேசுவது கஷ்டம்தான், தெரியும்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நாம் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “இந்த விதியை யார் சார் எழுதுறாங்க?” பத்து நிமிடம் சும்மா இருந்த பெண்ணின் முகம் அப்போதுதான் மாறியது. நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. அதற்கென்றே ஒரு துறை இருக்கிறது சார், சந்தை வடிவமைப்பு என்று பெயர். விலையை வைத்துப் பங்கிட முடியாத, அல்லது பங்கிடக் கூடாத இடங்களுக்கு விதி எழுதுவது அதில் ஒரு பாதி: கல்லூரி இடம், மருத்துவப் பயிற்சி இடம், சிறுநீரகம். கணவனின் சிறுநீரகம் மனைவிக்குப் பொருந்தாது, இன்னொரு தம்பதிக்கும் அதே நிலை, ஆனால் குறுக்கே மாற்றினால் இரண்டும் பொருந்தும் என்றால், பெரிய பட்டியலில் அப்படிப்பட்ட ஜோடிகளைத் தேடும் வேலையை ஆல்வின் ரோத்தும் அவருடைய சகாக்களும் ஒழுங்குபடுத்தினார்கள். 2012-இல் ரோத்துக்கும் ஷேப்லிக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது. மறு பாதி ஏலம்: அலைக்கற்றை, மின்சாரச் சந்தை, இணையத்தில் நாம் தேடும்போது பக்கத்தில் வரும் விளம்பரம். 2020-இல் ஏலத்துக்காக பால் மில்கிராம், ராபர்ட் வில்சன் என்ற பொருளாதார அறிஞர்களுக்கு நோபல் கிடைத்தது.

“எகனாமிக்ஸ் படித்தால் பேங்க் பரீட்சைதானே” என்று கேட்பீர்கள். இதற்கு எகனாமிக்ஸ் வழியாகத்தான் போகவேண்டும் என்றே இல்லை. ஷேப்லி கணிதக்காரர், ரோத் படித்தது ஆபரேஷன்ஸ் ரிசர்ச், அதாவது ஒரு வேலையை எப்படிச் செய்தால் சிறந்தது என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் துறை. கிண்டியில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்கில் அந்தப் பாடம் உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தாலும் அல்காரிதம், நிகழ்தகவு இரண்டையும் ஆழமாகப் பிடித்துக்கொண்டால் போதும். பொறியியல் வேண்டாம் என்றால் சிறுசேரியில் சி.எம்.ஐ. என்ற சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, கணிதமும் கம்ப்யூட்டரும் சேர்ந்த பட்டப்படிப்பு, ஆனால் தனி நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். பட்டத்துக்குப் பிறகு இந்தியப் புள்ளியியல் நிறுவனமான ஐ.எஸ்.ஐ.யோ, சென்னையிலேயே மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸோ பார்க்கலாம். நேராக இந்தப் பெயரில் வேலை விளம்பரம் நிறைய வராது, அதை மறைக்கமாட்டேன். விளம்பர ஏலம், டாக்ஸி செயலி, டேட்டா சயின்ஸ் என்று வேறு பெயரில்தான் வரும், ஆராய்ச்சிக்குப் போவதென்றால் முதுகலையும் அதற்கு மேலும் படிக்கவேண்டும். கணக்கில் உங்கள் மகளுக்கு 97. பயப்பட ஒன்றுமில்லை.

இன்றைக்கு ராத்திரி அவளையே புதுத் தாளில் எழுதச் சொல்லுங்கள். ரப்பர் அவள் கையில் இருக்கட்டும். பட்டியல் நீளமாக இருக்கட்டும், அறுபது எழுபது போனாலும் தப்பில்லை. ஒரே கல்லூரியில் ஒரே பாடப்பிரிவு அரசு உதவி பெறுவதாகவும் சுயநிதியாகவும் தனித்தனிக் குறியீட்டில் இருக்கும், கட்டணம் ரொம்ப வித்தியாசப்படும், அதை மட்டும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சரிபாருங்கள். லாக் செய்வதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள் சார், எத்தனை மணியானாலும் பார்க்கிறேன்.