சொல் கேளுங்கள்: “நீ ஹாவ் மா?” என்பதில் தமிழ் இருக்கிறதா?

கேள்வி: எங்கள் புளோக்கின் தாழ்வாரத்தில் என் மகன் “அம்மா” என்று குரல் கொடுத்தால், எதிர்வீட்டுச் சீன மூதாட்டியும் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறார், அவருடைய பேத்தி அவரை “ஆ மா” என்றுதான் அழைக்கிறாள். சீனத்தில் ‘மா’ என்றால் குதிரை என்று அச்சிறுமி என் மகனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பழந்தமிழிலும் ‘மா’ குதிரையைக் குறிக்கும் என்கிறார் என் மாமனார். போதாக்குறைக்கு, “நீ ஹாவ் மா?” என்பதும் “நீ நலமா?” என்பதும் ஒன்றே என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. சீனம் தமிழிலிருந்து பிறந்ததா?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: பிறக்கவில்லை. ஆனால் உங்கள் மாமனார் சொன்னது சரியே. சிறுமி சொன்னதும் பாதி சரி. பாதி என்பதற்குக் காரணம், மாண்டரினில் தொனி இல்லாமல் வெறுமனே ‘மா’ என்று குதிரையைச் சொல்ல முடியாது. குரலை உயர்த்தி ஒரே மட்டத்தில் நிறுத்தினால் தாய். கீழிருந்து மேலே ஏற்றினால் சணல் போன்ற ஒரு நார்ச்செடி அல்லது மரத்துப்போதல். தாழ்த்தி மீண்டும் எழுப்பினால்தான் குதிரை. மேலிருந்து சட்டென்று இறக்கினால் திட்டுதல். அழுத்தமில்லாமல் வாக்கியத்தின் கடைசியில் ஒட்டவைத்தால் வினா. நம் உணவங்காடி நிலையங்களில் வரிசை பிடித்து நிற்கவைக்கும் ‘மாலா’ என்ற சீன உணவின் பெயரில் உள்ள ‘மா’, சிச்சுவான் மிளகு நாக்கை மரத்துப்போகச் செய்வதைச் சொல்வது. ‘லா’ என்பது காரம். (அந்தப் பெயர்ப்பலகையைக் காணும்போதெல்லாம் மாலா என்ற பெண்மணி ஒருவர் நடத்தும் கடை என்று ஒரு கணம் எண்ணிவிடும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.) எதிர்வீட்டு மூதாட்டியின் ‘ஆ மா’ மாண்டரின் அன்று, ஹொக்கியன், தியோச்சியூ பேசும் குடும்பங்களில் பாட்டியை அழைக்கும் சொல் அது.

தமிழ் ‘மா’வுக்கும் பொருள்கள் பல, ஆனால் அவற்றைப் பிரித்துக் காட்டுவது தொனி அன்று, பெரும்பாலும் பக்கத்தில் வந்து நிற்கும் எழுத்து. மரமாகிய மாவோடு காய் சேர்ந்தால் மாங்காய், பழம் சேர்ந்தால் மாம்பழம் என இடையில் ஒரு மெல்லெழுத்து தோன்றுகிறது. அரிசி மாவோடு கோலம் சேரும்போதோ மாக்கோலம் என வல்லெழுத்து மிகுகிறது. தஞ்சைப் பக்கத்து நிலக்கணக்கில் 20 மா ஒரு வேலி. பழைய பின்னக் கணக்கில் ‘மா’ என்பது இருபதில் ஒரு பங்கு என்பதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது.

விலங்குப் பொருள்தான் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. “மாவும் மாக்களும் ஐயறிவினவே” என்கிறது தொல்காப்பியம்; அங்கே மா என்பது விலங்கின் பொதுப்பெயர். இடம் நோக்கி அது குதிரையையும் குறிக்கும், யானையையும் குறிக்கும். சீனச் சொல்லோ குதிரைக்கே உரியது. அறிஞர்கள் மீட்டுருவாக்கியுள்ள பழஞ்சீன வடிவத்தில் மகரத்தை அடுத்து ஒரு ரகர ஒலி இருக்கிறது. அதற்கு உறவான பர்மியச் சொல்லின் எழுத்து வடிவத்திலும் அந்த ரகரத்தின் தடம் உண்டு. ஒரே தாயின் பிள்ளைகளாக இருந்தால், காலத்தால் பின்னோக்கிச் செல்லச் செல்ல இரு சொற்களும் நெருங்கி வர வேண்டும். இவை விலகிப் போகின்றன.

வாட்ஸ்அப் செய்தியை உடைப்பது இன்னும் எளிது. “நலமா” என்பதில் ‘மா’ என்று தனி உறுப்பே கிடையாது; நலம் என்பதன் மகர மெய்யும் வினா எழுத்தாகிய ஆகாரமும் சேர்ந்து அப்படி ஒலிக்கின்றன. “சரியா?”, “வந்தாயா?” என்று கேட்டுப் பாருங்கள், மகரம் மறைந்துவிடும். சீனத்தில் எந்த வாக்கியமாயினும் ‘மா’ அப்படியே நிற்கும். ‘நீ’ என்ற சொல் இரு மொழியிலும் முன்னிலையைக் குறிப்பது உண்மைதான். ஆயினும் நம்முடைய ‘நீ’க்கு ‘நின்’ என்ற உருவும் கன்னடத்து ‘நீனு’வும் உறவினர், சீனத்தில் அல்லர்.

தாயைக் குறிக்கும் சொற்கள் ஒத்திருப்பதற்கு உதடுகளே காரணம்: இதழ்களை மூடித் திறந்தால் போதும், மழலைக்கு ‘மா’ வந்துவிடுகிறது, அதைத் தம்மை அழைப்பதாக எடுத்துக்கொள்வது பெற்றவர்கள்தாம். ஜார்ஜிய மொழியில் தந்தையர் முந்திக்கொண்டார்கள் போலும், அங்கே ‘மாமா’ என்றால் அப்பா. வியட்நாமிய மொழியிலோ தொனி சற்றுப் பிசகினால் தாய் பேயாகிவிடுவாள். நெல் நாற்றும் அதே ‘மா’வின் மற்றொரு தொனிதான்.

உண்மையான உறவு வேண்டுமானால் பழக்கடைக்குப் போகலாம். மாங்காய் என்ற சொல்லோடு தொடர்புடையதே மலாய் ‘மங்கா’. போர்த்துகீசியர் வாய்வழியே அது ஆங்கிலத்தில் ‘மேங்கோ’ ஆயிற்று. மாண்டரினில் மாம்பழத்துக்கு ‘மாங்குவோ’ என்று பெயர். அதில் ‘குவோ’ என்பது பழம். முன்னால் நிற்கும் ‘மாங்’ அந்தப் பழத்தோடு கடல் கடந்து வந்தது. எதிர்வீட்டுச் சிறுமிக்கு உங்கள் மகன் அதைச் சொல்லிக் கொடுக்கலாம்.