பேக்கமனில் (இருவர் பகடை உருட்டிக் காய்களை நகர்த்தி வெளியேற்றும் பலகை ஆட்டம்) 'டபுளிங் க்யூப்' எதற்கு? பணம் வைத்து ஆடும்போது அதை ஏற்பதா, விடுவதா?

பந்தயத்தை இரட்டிப்பாக்கும் கட்டை அது. ஆறு பக்கங்களிலும் 2, 4, 8, 16, 32, 64 என்று எண்கள் இருக்கும். ஆன்லைனில் திரையோரத்தில் தெரியும். உங்கள் முறையில், பகடை உருட்டும் முன், "இரண்டு மடங்காக்கலாமா?" என்று கேட்கலாம். எதிராளி மறுத்தால் அப்போதுள்ள பந்தயத்தைத் தோற்று ஆட்டத்தை முடிக்க வேண்டும். ஏற்றால் கட்டை அவருடையது. அடுத்து இரட்டிப்பாக்கும் உரிமை அவருக்கு மட்டுமே.

1920களில் நியூயார்க்கில் தோன்றிய வழக்கம் இது. அதற்கு முன், முடிவு தெரிந்துபோன ஆட்டத்தையும் கடைசிவரை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரட்டிப்பாக்கக் கேட்பது, நீதிமன்றத்தில் நடுவழியில், "இப்போதே கொடுத்து முடித்துக்கொள்கிறாயா, தீர்ப்புவரை வந்து இரட்டிப்பாகக் கட்டுகிறாயா?" என்று எதிர்த்தரப்பு கேட்கும் வழக்கு மாதிரி.

கணக்கு எளிது. பந்தயம் 10 என்று வையுங்கள். எதிராளி இரட்டிப்பாக்கக் கேட்கும் நான்கு ஆட்டங்களை விட்டுக்கொடுத்தால் 40 போகும். நான்கையும் ஏற்று ஒன்றில் மட்டும் ஜெயித்தால், மூன்றில் 60 போய் ஒன்றில் 20 வரும். நட்டம் அதே 40. ஆகவே வெல்லும் வாய்ப்பு 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஏற்கலாம். ஒரு காயைக்கூட வெளியேற்றாமல் தோற்கும் 'கேமன்' அபாயம் இருந்தால் மட்டும் இந்த வரம்பு உயரும், அதில் நட்டம் இன்னும் இரு மடங்கு. (தளம் பிடிக்கும் கமிஷன் தனி; யார் ஜெயித்தாலும் அது போகும்.)

பின்தங்கியிருந்தாலே விட்டுவிட வேண்டும் என்று பலர் நினைப்பது தவறு: கேமன் அபாயமில்லாத நிலையில் 30 சதவீத வாய்ப்பிருந்தால், விட்டால் நட்டம் 10, ஏற்றால் சராசரியாக 8தான்.