ஆங்கிலத்தில் 'ஃப்ரம் வென்ஸ்' (from whence) என்று எழுதினால் பிழையா?

'வென்ஸ் என்ற சொல்லிலேயே ஃப்ரம் அடங்கியிருக்கும்போது, ஃப்ரம் வென்ஸ் என்பது தவறில்லையா?' என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ உங்கள் தாளில் சிவப்பு மையில் சுழித்திருக்க வேண்டும். எனக்கும் சுழித்தார்கள்.

வென்ஸ் என்றால் எங்கிருந்து. ஹென்ஸ் இங்கிருந்து, தென்ஸ் அங்கிருந்து. எங்கே நோக்கி என்பதற்கு விதர். இவற்றில் ஹென்ஸ் மட்டும் 'ஆகவே' என்ற பொருளில் இன்றும் புழங்குகிறது.

எங்கள் வீட்டு மாலை ஜெபத்தில் தாத்தா 121ஆம் சங்கீதத்தை வாசிப்பார்: 'எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்.' அதையே ஆங்கிலத்திலும் மனப்பாடம் செய்ய வைத்தார். பத்தாம் வகுப்பில் மலைகளைப் பற்றிய கட்டுரையை அந்த வரியோடு முடித்தேன்: 'ஃப்ரம் வென்ஸ் கமெத் மை ஹெல்ப்'. ஆசிரியர் ஃப்ரம்மை அடித்து, இரண்டு மதிப்பெண் குறைத்து, "எங்கிருந்திலிருந்துன்னு யாராவது சொல்வாங்களாடா?" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி கேட்டார். "சார், பைபிள்ல அப்படித்தான் இருக்கு" என்றேன். "எதிர்த்துப் பேசாதே, உட்காரு."

அவர் பக்கமும் ஆள் உண்டு. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் ஃப்ரம் வென்ஸைக் கெட்ட வழக்கு என்றே குறித்திருக்கிறார். ஆனால் 1611இல் அச்சான கிங் ஜேம்ஸ் என்ற ஆங்கில பைபிளில் அது இருக்கிறது, ஷேக்ஸ்பியரும் எழுதியிருக்கிறார். வேதத்தில் இருந்தால் இலக்கணமாகிவிடுமா என்று சிலர் கேட்பீர்கள். நான் மதம் பேசவில்லை. இத்தனை நூற்றாண்டு நல்ல எழுத்தில் புழங்கியதைப் பிழை என்று அடிக்கக் கூடாது என்கிறேன். நாமும்தான் 'நடுமையம்' என்கிறோம். நடுவும் மையமும் ஒன்றுதானே?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எங்கள் பள்ளி நூலகத்தில் தடிமனான ஆங்கில அகராதி ஒன்று இருந்தது. கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும் மேஜைக்கு வரும். அன்று அதைப் புரட்ட விட்டிருந்தால் ஆசிரியரிடம் அழாமல் பேசியிருப்பேன். பிள்ளைகள் தொடாத அகராதியைப் பள்ளிக்கு எதற்கு வாங்குகிறார்கள்?

நீங்கள் தேர்வுக்கு எழுதுவதானால் வென்ஸ் மட்டும் போதும். இன்றைய நடைக்கு 'வேர் ஃப்ரம்' இன்னும் இயல்பு. பழைய வரியை மேற்கோள் காட்டினால் மட்டும் ஃப்ரம்மை எடுத்துவிடாதீர்கள், மதிப்பெண் போனாலும் சரி.