லிட்டரை விடுங்கள், பரப்பைச் சொல்லுங்கள்

கேள்வி: எங்கள் திறந்தவெளி நீச்சல் குளம் 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.5 மீட்டர். வெயிலில் சூடாக்க 20 சதுர மீட்டர் வெற்றிடக் குழாய் (காற்று நீக்கிய கண்ணாடி உறைக்குள் சூடேறும் குழாய்) போதும் என்கிறார் ஒருவர். 40 சதுர மீட்டர் பிளாஸ்டிக் பேனல் (குளத்து நீர் உள்ளே ஓடி வெயிலில் சூடேறும் தகடு) வேண்டும் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

பதில்: இரண்டாமவர் சரியான அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். முதலாமவர் "எத்தனை லிட்டர்?" என்று மட்டும் கேட்டிருப்பார். முதல் தடவை சூடேற எத்தனை நாள் ஆகும் என்பதற்குத்தான் லிட்டர் கணக்கு. அப்புறம் தினமும் சூடு போவது பெரும்பாலும் மேற்பரப்பில் நீர் ஆவியாவதால். அதனால் குளத்தின் பரப்பில் பாதி முதல் முழு அளவு வரை பேனல் என்பது வழக்கம். உங்கள் குளத்துக்கு 25 முதல் 50 சதுர மீட்டர். இரவில் குளத்துக்கு மூடி போட்டால் 30 போதும். போடாவிட்டால் 40-க்குக் கீழே இறங்காதீர்கள். மூடியைப் பற்றி விற்பவர் வாயே திறக்க மாட்டார். பேனல் எண்ணிக்கை குறைந்துவிடுமே!

உங்கள் குளத்தின் 75,000 லிட்டரை 1 டிகிரி ஏற்றவே சுமார் 87 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் வேண்டும். நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டரில் விழுவது 5, 6 யூனிட். 20 சதுர மீட்டரில் விழுந்த அத்தனையையும் பிடித்தாலும் ஒரு டிகிரியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மூடாத குளம் அதை ஒரே இரவில் விட்டுவிடும்.

வெற்றிடக் குழாய் விற்பவர்கள் சூடாக வரும் தண்ணீரில் கையை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். மயங்காதீர்கள். குளியலறைக்கு அது சரி. குளத்துக்குத் தண்ணீர் வேகமாக ஓடி, சில டிகிரி மட்டும் சூடேறித் திரும்ப வேண்டும். பிளாஸ்டிக் பேனலில் கை சுட்டால் ஓட்டம் போதவில்லை, சூடு காற்றுக்குப் போகிறது என்று அர்த்தம்.

ஒரு விலக்கு உண்டு. கடுங்குளிரிலும் நீந்துவதாக இருந்தால் கண்ணாடி மூடிய பேனலோ வெற்றிடக் குழாயோதான் சரி. தண்ணீருக்கும் காற்றுக்கும் வெப்ப வித்தியாசம் கூடக் கூட, கண்ணாடி மூடாத பிளாஸ்டிக் பேனல் வாங்கிய சூட்டைக் காற்றிலேயே விடும். ஆனால் கண்ணாடிப் பேனலின் உள்ளே பெரும்பாலும் செப்புக் குழாய். குளோரின் கலந்த நீர், அதிலும் அமிலத்தன்மை ஏறிய நீர், செம்பை அரிக்கும். நடுவில் வெப்பமாற்றி (இரண்டு நீரும் கலக்காமல் சூட்டை மட்டும் கடத்தும் கருவி) வைக்கச் சொல்லுங்கள். வருடத்தில் இதமான மாதங்களில் மட்டும் நீந்துபவருக்கு இந்தச் செலவு வீண்.

சான்றிதழ் எல்லாம் பேனலுக்குத்தான். அளவைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிட்டுப் போனவரை யார் கேட்கிறார்கள்? எனக்கு அலுத்துவிட்டது. எந்த மாதத்தில் எத்தனை டிகிரி, மூடியோடா மூடியில்லாமலா என்று எழுதி வாங்குங்கள். 30-இல் தொடங்குவதானால், பின்னால் 10 சேர்க்கக் குழாயில் இணைப்பு விட்டு வைக்கச் சொல்லுங்கள்.